சாப்பாட்டுக்குப் பிறகு வந்த ஆவேசம்: படுவான்கரைச் சிறுவன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

பிள்ளையும் வீடும்

நான்கு வயதும் மூன்று மாதமும் ஆன ஆண் பிள்ளை. காரணம் எதுவும் தெரியாமல் திடீர் திடீரென்று கத்துகிறான், அடிக்கிறான், கடிக்கிறான் என்பதுதான் முறைப்பாடு. முன்பள்ளி ஆசிரியை தாயிடம் சொல்ல, தாய் குடும்பநல மருத்துவிச்சியிடம் சொல்ல, அவர் வழியாக என்னிடம் உளவளத்துணைக்கு வந்தார்கள். தாயின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். பிள்ளையைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். வீட்டிலும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை என்று சொல்கிற பக்கத்தில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட ஒரு கிராமம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். இப்போது பஸ்ஸில் வந்துவிடலாம். ஆனாலும் பிள்ளையொன்றை நகரத்தில் நிபுணரிடம் காட்டுவதென்றால் விடியக் கிளம்பி ஒரு முழு நாளையும் அதற்கே கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளை எவ்வளவு காலம் கஷ்டப்பட்ட பிறகு வைத்தியரிடம் போகிறது என்பதை இந்தத் தூரமும் தீர்மானிக்கிறது.

தாய்க்கு இருபத்தெட்டு வயது. சீதனமாகக் கிடைத்த கல்வீடு. அதே வளவின் பின்பக்கம் அவருடைய அம்மா இருக்கிறார், தம்பிக்குப் பெத்தா. தாயின் அண்ணன் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம். தம்பிக்கு ஒன்றரை வயதில் ஒரு தங்கச்சி. தகப்பன் மேசன், கட்டாருக்குப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆவேசம் தொடங்கியதும் ஏறக்குறைய அதே நேரம்தான். எல்லோரையும் குழப்பியதும் அதுதான்.

கண்ணால் பார்த்த ஒன்று

வீட்டுக்கு நான் போன நாளில் பகல் சோறு தின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தம்பி விறாந்தையில் பிளாஸ்ரிக் உழவு மெசின் ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தான். பெட்டியில் மண் ஏற்றிக் கொண்டுவந்து, “இது நெல்லு, காசு தாங்க” என்று என்னிடம் கையை நீட்டினான். காசு தருவதுபோல் கையைக் காட்டினேன். “காணாது” என்றான்.

பிறகு விளையாட்டு அப்படியே நின்றது. எழுந்து போய் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒதுங்கினான். நுனிக்காலில் நின்று, ஒரு காலை மற்றக் காலோடு பின்னி, சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். முகம் சிவந்தது. கண் ஒரே இடத்தில் நின்றது. தாய் பேர் சொல்லிக் கூப்பிட்டார், பதில் இல்லை. தங்கச்சி தள்ளாடி நடந்துபோய் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவுதான். அவளைத் தள்ளி விழுத்தினான், மெசினைத் தூக்கி எறிந்தான், தொண்டை கிழியக் கத்தினான். தாய் தூக்கப் போனார். முதுகை வில்லாக வளைத்து, அவருடைய முன்கையில் கடித்தான். இருபது நிமிடத்துக்கு மேல் இது நடந்தது. பிறகு, யாரும் எதுவும் செய்யாமலே நின்றது. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மெசினைத் தேடிப் போனான்.

“இப்பிடித்தான் மிஸ். வந்தது தெரியாது, போறதும் தெரியாது” என்றார் தாய். அவருடைய கையில் பழைய பல் அடையாளங்களும் இருந்தன.

கத்தலை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்கு முன்னால் இருந்த அந்த அரை நிமிடத்தைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. கோபம் வந்த பிள்ளை ஆளைத் தேடிப் போகும். இவன் ஆட்களை விட்டு ஒதுங்கினான். தொட்டபோதுதான் வெடித்தான்.

வீடும் ஊரும் சொன்ன காரணங்கள்

தகப்பனைப் பிரிந்த ஏக்கம் என்றார் ஆசிரியை. கிழக்கில் எத்தனையோ வீடுகளில் தாயோ தகப்பனோ வளைகுடாவில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் ஏக்கத்தை நாங்கள் நித்தம் பார்க்கிறோம். அதனால் அந்த விளக்கம் உடனே பொருந்தியது. தகப்பனும் அதையே நம்பினார். இரவில் அவர் வீடியோ அழைப்பில் வரும்போதுதான் பிள்ளை அதிகம் ஆவேசப்பட்டான். ஃபோனைத் தட்டிவிட்டிருக்கிறான். “என்ட மூஞ்சியப் பாக்கவே அவனுக்கு விருப்பமில்ல” என்று அவர் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார். வேலையை விட்டு வந்துவிடவா என்றும் யோசித்திருக்கிறார், வீட்டுக் கடன் பாதி கூட அடையாத நிலையில்.

பெத்தா கண்ணூறு என்றார். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார், கோயில் கட்டாடியாரிடம் கொண்டுபோய் நூல் கட்டினார். பிள்ளைக்கு அடி காணாது என்றார் மாமா. தாய்மாமன் என்ற முறையில் அது தன் கடமை என்று அவர் நினைத்தார். இரண்டு தரம் கம்பால் அடித்தும் இருந்தார். முன்பள்ளியில் ஒரு பிள்ளையைத் தம்பி கடித்த பிறகு, கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருங்கள் என்றார்கள். அங்கே யாரோ ‘ஓட்டிசமாக இருக்கும்’ என்றும் சொல்லிவிட்டார்கள். தாய் அன்றிலிருந்து ஃபோனில் அதைப் பற்றித் தேடித் தேடிப் பார்த்து நித்திரை இழந்திருந்தார்.

ஓட்டிசம் பற்றித் தாயிடம் நான் விரிவாகவே பேசினேன். அதைத் தீர்மானிப்பது என் வேலை அல்ல, நிபுணருடைய வேலை. ஆனால் மண்ணை நெல்லாக்கி விலை பேசுகிற பிள்ளை, என் கண்ணைப் பார்த்துக் ‘காணாது’ என்று பேரம் பேசுகிற பிள்ளை, சுட்டிக்காட்டிப் பகிர்ந்து விளையாடுகிற பிள்ளை. வயதுக்கேற்ற பேச்சும் இருந்தது. அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்று சொல்ல எனக்கு இது போதும்.

கொப்பி

தாயிடம் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், எப்படி முடிந்தது. இதை எல்லா உளவளத்துணையாளர்களும் செய்வார்கள். இவருக்கு இன்னும் இரண்டு நிரல் சேர்த்துக் கொடுத்தேன்: கடைசியாக எப்போது தின்றான் அல்லது குடித்தான், எப்போது கக்கா போனான். அலுமாரிப் பக்கத்தில் பார்த்த அந்த நிலைதான் என்னை அப்படிக் கேட்க வைத்தது.

இரண்டு கிழமைக் கொப்பியைத் தாய் ஒரு நாளும் தவறாமல் எழுதியிருந்தார். பென்சிலில், சில இடத்தில் பிள்ளையின் கிறுக்கலோடு. பத்தில் எட்டு ஆவேசம் சாப்பிட்டு அல்லது பால் குடித்து அரை மணித்தியாலத்துக்குள் வந்திருந்தது. காலையில் ஏழு மணிக்குப் பால்மா கரைத்துக் கொடுப்பார்கள். ஏழரைக்கு ஓட்டோ வரும்போது சண்டை. முன்பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் வந்தது. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு. தகப்பன் வேலை முடிந்து அழைப்பது ஏழரைக்கு. கட்டாரில் வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கே அழைப்பார். இரண்டு வெள்ளிக்கிழமையிலும் பிள்ளை ஃபோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதைத்திருக்கிறான்.

தகப்பன் மேல் கோபம் என்றால் வெள்ளிக்கிழமையும் இருக்க வேண்டுமே.

கக்கா நிரல் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு கிழமையில் மூன்று தரம், அதுவும் ஆட்டுப்புழுக்கை மாதிரி என்று எழுதியிருந்தது. ஆனால் களிசானில் மட்டும் தினமும் அழுக்கு. இதைக் கேட்டபோது தாய் சொன்னார்: “அது வயித்தால போற மிஸ். கொஞ்சம் கொஞ்சமா ஒழுகுது. அதான் அம்மா பப்பாசிப்பழம், முருங்கையிலை எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டா.” அந்த அழுக்குக்கும் பிள்ளை அடி வாங்கியிருந்தான்.

எப்போது தொடங்கியது என்று பின்னோக்கிப் போனோம். தகப்பன் பயணம் போவதற்கு முன் தம்பிக்கு ஒரு கிழமை காய்ச்சல். சாப்பிடவில்லை, தண்ணீரும் குறைவு. அதன் பிறகு வந்த மலம் இறுகி, கிழித்து, இரத்தம் வந்திருக்கிறது. பிள்ளை வீடு அதிரக் கத்தியிருக்கிறான். பயண அலுவலில் இருந்த வீடு அதை மறந்துவிட்டது. பிள்ளையின் உடம்பு மறக்கவில்லை.

வயிற்றுக்குள் என்ன நடந்தது

ஒரு தரம் நொந்தால் அடுத்த தரம் சின்னப் பிள்ளை அடக்கும். அடக்க அடக்க மலம் பெருங்குடலில் தங்கும். குடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்னும் இறுகும், இன்னும் நோகும், இன்னும் அடக்குவான். நாளாக நாளாக மலக்குடல் விரிந்து உணர்வு மந்தமாகிறது. மேலே இருந்து வரும் இளகிய மலம், வாய்க்காலில் கல் அடைத்த இடத்தில் தண்ணீர் ஓரத்தால் கசிவதுபோல, இறுகிய கட்டியின் ஓரத்தால் ஒழுகும். பிள்ளைக்கு அது தெரியவும் தெரியாது, தடுக்கவும் முடியாது. வெளியிலிருந்து பார்க்கிற நாங்கள் அதை வயிற்றோட்டம் என்போம், அல்லது ஊத்தைப் பழக்கம் என்போம்.

சாப்பாடு இரைப்பைக்குள் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு. பிள்ளைகளில் அது வலுவாகவே இருக்கும். தம்பிக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு மலம் முட்டிக்கொண்டு வரும். நுனிக்காலில் நின்று, காலைப் பின்னி, பின்பக்கத்தை இறுக்கி அடக்குவான். முழு உடம்பும் அந்த வேலையில் இருக்கும்போது யாராவது தொட்டால், தூக்கினால், ஃபோனை முகத்துக்கு நேரே நீட்டினால், அவனால் தாங்க முடியாது. அந்த முட்டல் அடங்கியதும் ஒன்றும் நடக்காததுபோல் விளையாடப் போய்விடுவான்.

மருத்துவிச்சி மூலம் கடிதம் பெற்று, மட்டக்களப்பு நகரத்தில் குழந்தை மருத்துவ நிபுணரிடம் காட்டினார்கள். இடது அடிவயிற்றில் கையால் தொட்டாலே தெரியும் கட்டி இருந்தது. ஆசனவாயில் ஆறிய பிளவின் தழும்பு. பிறந்த முதல் நாளே மலம் போயிருக்கிறான் என்று சுகாதாரப் பதிவேட்டில் இருந்தது. முதுகுத்தண்டும் கால்களின் பலமும் சரியாக இருந்தன. பிறவிக் குடல் நோய், நரம்புக் கோளாறு என்ற சந்தேகங்களை வைத்தியர் அப்படி ஒதுக்கினார். எடைக் கோடு மட்டும் சில மாதங்களாகப் படுத்திருந்தது. உறுப்பில் நோயில்லாமல் வரும் மலச்சிக்கல் என்று முடிவு செய்தார். இப்படியான குடல் கோளாறுகளைக் கண்டறிய வைத்தியர்கள் பயன்படுத்தும், 2016இல் வந்த ‘ரோம் 4’ அளவுகோலின்படி நான்கு வயதுக்கு மேல் ஒரு மாதமாகச் சில அடையாளங்களில் இரண்டு இருந்தாலே போதும். தம்பியிடம் அதற்கு மேலேயே இருந்தன.

இது அபூர்வமான நோய் அல்ல. இலங்கையில் 10 முதல் 16 வயதுப் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்து 2012இல் வெளியான ஆய்வொன்றில் 15.4 வீதமானோருக்கு மலச்சிக்கல் இருந்தது. போரால் பாதிக்கப்பட்ட பகுதிப் பிள்ளைகளில் அது 18.1 வீதம், மற்றப் பகுதிகளில் 13.7. இவ்வளவு பரவலான ஒன்றை எங்கள் உளவளத்துணை அறைகளில் யாரும் கேட்பதில்லை. பிள்ளையின் நடத்தை பற்றிய எந்தப் படிவத்திலும் கக்கா என்ற ஒரு வரி இருப்பதை நான் கண்டதில்லை. அது மாற வேண்டும் என்று திடமாக நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டியிருந்தது. மலத்தை அடக்குவதும் களிசானில் அழுக்காவதும் திடீர் ஆவேசமும் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளையிடமும் வரலாம். தாயிடம் தனியாகவும், பிள்ளையிடம் விளையாட்டின் ஊடாகவும், நிதானமாகக் கேட்டறிந்தோம். வைத்தியரும் பரிசோதித்தார். அப்படி எதுவும் தெரியவில்லை. சந்தேகம் இருக்கும் இடத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம்.

சிகிச்சை

முதலில் தேங்கியதை வெளியேற்ற வேண்டும். சில நாட்களுக்குக் கூடிய அளவில் மருந்து கொடுத்தார்கள். அந்த நாட்களில் வளவுக் கயிறு முழுக்கத் துணி காய்ந்தது. பிறகு தினமும் லக்டுலோஸ் என்ற மலமிளக்கிப் பாணி, மலம் இளகி நோகாமல் போகிற அளவில். அளவை வைத்தியர்தான் கூட்டிக் குறைத்தார். பால்மா ஒரு நாளைக்கு ஐந்து தரம் போயிருந்தது. அதை இரண்டாகக் குறைத்தார்கள். பால் குறைந்ததும் பசி வந்தது, பசி வந்ததும் சோற்றோடு கறி இறங்கியது. பப்பாசியும் முருங்கையிலையும் திரும்பி வந்தன. அவித்த பயறு, தேங்காய்ப்பூப் போட்டுக் குரக்கன் பிட்டு. இவற்றில் புதிதாக எதுவும் இல்லை; பெத்தாவின் அடுப்படியில் எப்போதும் இருந்த சாப்பாடுதான்.

மலசலகூடம் குந்துகிற வகை. உள்ளே இருட்டு, குழியில் விழுந்துவிடுவேன் என்று பிள்ளைக்குப் பயம். சின்னப் பிள்ளைகள் கக்கா இருக்கிற பிளாஸ்ரிக் பொட்டி ஒன்று வாங்கி விறாந்தை மூலையில் வைத்தார்கள். கால் இரண்டும் நிலத்தில் நன்றாக ஊன்ற வேண்டும், அப்போதுதான் முக்குவதற்குப் பலம் கிடைக்கும். காலைப் பாலுக்கும் இரவுச் சோற்றுக்கும் பிறகு ஐந்து நிமிடம் இருப்பது. போனாலும் போகாவிட்டாலும் இருந்ததற்குத்தான் பாராட்டு. இந்த வேலையைப் பெத்தா எடுத்துக்கொண்டார். பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, வெற்றிலை இடித்துக்கொண்டு, நரியும் ஆமையும் கதையை அவர் நீட்டுகிற நீட்டில் ஐந்து நிமிடம் பதினைந்து நிமிடமாகும். கையில் கட்டிய நூலை அவிழ்க்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பிள்ளைக்காக அவர் செய்த பிரார்த்தனை அது. மருந்தோடு அதற்கு எந்தச் சண்டையும் இல்லை.

ஆவேசம் வரும் நேரத்துக்கென்று ஒரு ஒழுங்கும் வைத்தோம். ஒதுங்கி நிற்கிறான் என்று கண்டால் முதலில் தங்கச்சியை அப்பால் கொண்டுபோக வேண்டும். அவனைத் தொடக் கூடாது, தூக்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து, “அம்மா இங்கதான் இரிக்கன்” என்று ஒரு தரம் சொன்னால் போதும். எறியக்கூடிய சாமானை மெல்ல எடுத்துவிட வேண்டும். முடிந்த பிறகு பேசலாம், அதுவும் நீதி சொல்லாமல்: வயிறு நொந்ததா, இப்போது எப்படி. அழுக்குக்கு அடியோ ஏச்சோ கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தில் மாமாவோடு நீண்ட நேரம் கதைத்தேன். பிள்ளைக்கு ஒழுகுவது தெரியாது என்பதை அவர் முதலில் நம்பவில்லை. வைத்தியர் படம் கீறிக் காட்டிய துண்டைத் தாய் எடுத்துவந்து காட்டினார். கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் அடுத்த ஞாயிறு மலசலகூடத்துக்குள் ஒரு பல்ப் போட்டு, குழிக்குப் பக்கத்தில் பிள்ளைக் காலுக்கு ஏற்ற சீமெந்துப் படியும் கட்டிக் கொடுத்தார்.

தகப்பனுக்கு நாங்கள் வெள்ளிக்கிழமை அழைப்பில் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்ப அவனுக்கு என்னில கோவமில்லையா மிஸ்?” இல்லை என்றேன். இரவு அழைப்பைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றிக்கொண்டார்.

பிறகு

ஒரு நாளைக்கு மூன்று தரம் வந்த ஆவேசம், கொப்பியின்படி, ஆறாவது கிழமையில் கிழமைக்கு ஒன்றோ இரண்டோ ஆனது. முன்பள்ளி திரும்ப எடுத்துக்கொண்டது. பிள்ளை கேட்டால் உடனே மலசலகூடத்துக்கு விடுவது, கூட ஒரு ஆள் போவது என்று ஆசிரியை ஒத்துக்கொண்டார்.

வேளாண்மை வெட்டு நேரத்தில் எல்லாம் ஒரு தரம் சரிந்தது. வீடே வட்டைக்குள், வயல்வெளியில் இருந்தது, பிள்ளையும் நன்றாகத்தான் இருந்தான், பாணி முடிந்ததும் திரும்ப வாங்கவில்லை. சில நாட்களில் நுனிக்கால் திரும்பி வந்தது, கடியும் வந்தது. இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. விரிந்த குடல் பழைய நிலைக்கு வர மாதங்கள் எடுக்கும். மருந்தைக் குறைந்தது இரண்டு மாதம் தொடர வேண்டும், எல்லா அடையாளமும் போய் ஒரு மாதமாவது ஆன பிறகே படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதுதான் 2014இல் வந்த சர்வதேச வழிகாட்டல். குடல் சோம்பேறியாகிவிடும் என்ற பயத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். லக்டுலோஸ் குடலுக்குள் நீரை இழுத்து வைக்கும் மருந்து, அப்படிப் பழக்கமாகாது.

ஆவேசத்தில் ஒரு பங்கு இன்னும் மிச்சம் இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் மாமாவின் பிள்ளைகள் தகப்பனோடு மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தால் படலையை உதைப்பான். அதற்கு எந்தப் பாணியும் இல்லை. தகப்பனைப் பிரிந்த ஏக்கம் உண்மையாகவே இருந்தது. வயிற்று நோவு விலகிய பிறகுதான் அதை அதன் அளவில் பார்க்க முடிந்தது, பிள்ளையோடு அதைப் பற்றிக் கதைக்கவும் முடிந்தது.

மற்றப் பிள்ளைகளுக்கு

எல்லா ஆவேசமும் மலச்சிக்கல் அல்ல. இரண்டு மூன்று வயதில் அடம் பிடித்துப் புரள்வது வளர்ச்சியின் பகுதி. பெரும்பாலும் சில நிமிடத்தில் அடங்கும், வயது ஏற ஏறக் குறையும். நான்கு வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினால், அடிக்கடி இருபத்தைந்து நிமிடம் தாண்டினால், தன்னையே அடித்துக் கடித்துக் காயப்படுத்தினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். காதில் சீழ், சொத்தைப் பல், இரவெல்லாம் கீரிப்பூச்சிக் கடி, மூக்கடைத்துக் குறட்டை விட்டு நித்திரை கெடுதல், காது சரியாகக் கேளாமை, இரத்தச்சோகை என்று உடம்புக்குள் தேட நிறைய இடம் இருக்கிறது. கண் நிலைத்து, தொட்டாலும் உணராமல், கைகால் துடித்து, பிறகு மயங்கித் தூங்கினால் அது வலிப்பாக இருக்கலாம். முடிந்தால் ஃபோனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், வைத்தியருக்கு அது பெரிய உதவி. ஐந்து நிமிடத்தில் வலிப்பு நிற்காவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

புதிதாகத் தொடங்கிய மருந்து பற்றியும் கேளுங்கள். முட்டு, இழுப்புக்குப் பல பிள்ளைகள் எடுக்கும் மொண்டிலுகாஸ்ட் சிலருக்கு ஆவேசத்தையும் கெட்ட கனவுகளையும் தரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தன் உச்ச எச்சரிக்கையை விடுத்தது. வலிப்புக்கான லெவெட்டிரசெட்டாமும் சில பிள்ளைகளை எரிச்சல்காரராக்கும். இரண்டையும் நீங்களாக நிறுத்தக் கூடாது, வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எப்போது மருந்து தொடங்கியது, எப்போது ஆவேசம் தொடங்கியது என்று எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். பிள்ளையோடு போராடிக் களைத்துப்போன தாய்மார் தங்களுக்காகவும் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

தம்பிக்கு இப்போது ஐந்து வயது. பாணியின் அளவு பாதியாகிவிட்டது, எடைக் கோடு ஏறுகிறது. தாயின் கொப்பி இரண்டாவதாகிவிட்டது. அடுத்தது முதலாம் வகுப்பு. சேர்ப்பதற்கு முன்னரே வகுப்பாசிரியரைச் சந்திக்கத் தாய் நாள் கேட்டிருக்கிறார். பிள்ளை கேட்டவுடன் விடுவார்களா, மலசலகூடக் கதவின் கொளுக்கி அவன் கைக்கு எட்டுமா, வாளியில் தண்ணீர் இருக்குமா என்று கேட்க வேண்டியவற்றைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.